டொறதி வீட்டுத் துடக்கு

விட்கோம் என்கிற ஆங்கிலேயக் கடற்கரைப் பட்டினத்தில், பழங்காலத்து உல்லாசப் பயண பஸ்கள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடி, கடலைப் பார்த்தபடி வரிசையாக நின்று, தங்கள் பளபளப்பைக் காட்டுகிற விழா ஒன்று உண்டு. அந்த விழாவில், ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு, ஐஸ்கிறீம் கடைக்கும் பொதுக் கழிப்பறைக்கும் நடுவில் நிறுத்தியிருந்த குலசிங்கத்தாரின் டொறதி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும், ஒரு பிள்ளை பெற்றாள்.

டொறதி என்றால் குலசிங்கத்தாரின் மனைவி என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி நேசமலர், அதே கடற்கரையில் மீனும் சிப்ஸும் பொரிக்கிற கடைக்காரி. டொறதி எழுபது வயது தாண்டிய ஒரு பஸ். மேல்பாதி கிறீம் நிறம், கீழ்ப்பாதி மரூன், ஜன்னல் கண்ணாடிகள் கூரைவரை வளைந்து ஏறும், கூரையின் நடுப்பகுதியைப் பின்னால் தள்ளிவிட்டால் வெயிலும் கடற்பறவையின் எச்சமும் ஒன்றாக உள்ளே வரும். அந்தக் காலத்தில் வடக்கே உள்ள ஆலை நகரங்களின் சனத்தை வருடத்தில் ஒருநாள் கடல் காட்டக் கூட்டிவந்தவள். அன்று காலையில் இருந்தே அவளுக்கு முகம் சரியில்லை. முதலில் ரேடியேட்டரில் இருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது, பிறகு பின்பக்கத்துச் சாமான் பெட்டிக் கதவு தானே திறந்தது, பிறகு ஒரு கட்டில் நீளத்தில், சக்கரங்கள் எண்ணெயில் நனைந்திருக்க, முன்விளக்கு இரண்டையும் இடுக்கிக்கொண்டு ஒரு குட்டி பஸ் நிலத்தில் இறங்கி, கொஞ்சம் தள்ளாடி, தாயின் பின்சக்கரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலேயர்கள் இப்படியான நேரங்களில் கலங்குகிறவர்கள் இல்லை. மடக்குக் கதிரைகளில் இருந்தபடியே கைதட்டினார்கள், இதற்கேற்ற நல்ல வெயில் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், ஒரு சீமாட்டி தன் மடியில் கிடந்த கம்பளித் துண்டைக் கொண்டுவந்து குட்டியின் கூரையில் போர்த்தினாள், நடுவர்களில் ஒருவர் இது எந்தப் பிரிவில் போட்டியிடும் என்று கேட்டார், பார்க்கிங் பார்க்கிற ஆள் வந்து குட்டியின் பின்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது என்பதைக் குனிந்து பார்த்துத் திருப்தியாகப் போனார். அரை மணித்தியாலத்தில் எல்லோரும் திரும்பவும் தேநீர்ப் போத்தலைத் திறந்துவிட்டார்கள்.

எங்கள் சனம் அப்படியா விடும். சிப்ஸ் கடைக்குள் இருந்து, அம்மன் கோயில் மடப்பள்ளியில் இருந்து, பெற்றோல் ஷெட்டில் இருந்து, விட்கோமில் உள்ள தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து டொறதியைச் சுற்றி நின்றார்கள்.

"இந்த வயசிலயோ?" என்றாள் ஒருத்தி.

"வயசை விடு. தகப்பன் ஆர்?" என்றாள் இன்னொருத்தி.

நேசமலர் குட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தாள், அதன் சின்னப் பதிவுத் தகடு இருக்கவேண்டிய வெற்றிடத்தைத் தடவினாள், தாயின் ரேடியேட்டரில் கையை வைத்துச் சூடு பார்த்தாள், பிறகு புருசனைப் பார்த்துச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, எங்கட வீட்டுக்குத் துடக்கு."

குலசிங்கத்தாருக்கு இடுப்பு நாரி முறிந்தது போலாகிவிட்டது. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்கு அந்த மனிசன் மேல் இரக்கம் வரும்.

குலசிங்கத்தார் இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து ஓய்வு பெறும்வரை கடற்கரை வீதியில் நகர பஸ் ஓட்டியவர். எங்கள் அம்மனோ, விட்கோமுக்கு வந்த நாளில் இருந்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள சுப்பர்மார்க்கெட்டின் கார் தரிப்பிடத்தைத்தான் சுற்றிவந்தாள். ஆடிப்பூரத்துக்கு ஆடிப்பூரம் தள்ளுவண்டிகளுக்கும் போத்தல் போடுகிற தொட்டிகளுக்கும் நடுவால் வீதியுலா. கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தும், கடற்கரை வீதிக்கு நகரசபை அனுமதி தரவில்லை. "அம்மாளாச்சிக்கு நான் ஒருநாள் கடலைக் காட்டுவன்," என்று குலசிங்கத்தார் சொல்லாத திருவிழா இல்லை. அதற்காகத்தான் ஒரு கோழிப் பண்ணையில் உள்ளே கோழி வளர்ந்துகொண்டிருந்த டொறதியை வாங்கி, கோழிகளை மரியாதையாக இறக்கி, துரு சுரண்டி, நிறம் பூசி எடுத்தார். திறக்கிற கூரையால் அம்மனின் குடை வெளியே நிமிர்ந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. அந்த வருடம் நகரசபை கடைசியில் இணங்கியது. கோடைகாலத்தில் கடற்கரை வீதியில் பழங்கால வாகனங்கள் மட்டும்தான் போகலாம், உங்கள் தெய்வம் பழங்கால வாகனத்தில் வருவதானால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றது. ஆடிப்பூரத்துக்கு நாள் கிட்டிவிட்டது. டொறதி அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பெற்றாள்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துடக்கு, முப்பத்தோராம் நாள் கழியும்வரை அந்த வீட்டார் கோயிலுக்குப் போகக்கூடாது, சாமியைத் தொடக்கூடாது, பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூட வந்து தலை முழுகவேண்டும். இது எங்களுக்குத் தெரியும். பெற்றது பஸ்ஸானால் என்ன முறை என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

கோயில் சபை கூடியது. தலைவர் அம்பலவாணர், வாழ்நாள் முழுக்கக் கணக்காளராக இருந்து எதையும் வெட்டிக் கழித்தே பழகியவர், மேசையில் தட்டிச் சொன்னார்: "இரும்புக்கு என்ன துடக்கு? விசர்க் கதை."

கதவடியில் நின்ற பெண்கள் பக்கம் இருந்து நேசமலரின் குரல் வந்தது. "இரும்புக்குத் துடக்கில்லையெண்டால், நீங்கள் போன மாசம் புது வான் எடுத்தவுடன ஏன் ஐயாவைக் கூப்பிட்டுச் சந்தனப் பொட்டு வைச்சனீங்கள்? நாலு சில்லுக்குக் கீழயும் ஏன் தேசிக்காய் வைச்சனீங்கள்? நல்லதுக்கு மட்டும் உயிர் இருக்கோ வாகனத்துக்கு?"

அம்பலவாணர் குருக்களைப் பார்த்தார். சபேசக் குருக்கள் ஜன்னலால் வெளியே பார்த்தார். அந்தக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

பெண்களோ கோயில் சபையின் முடிவுக்குக் காத்திருக்கவும் இல்லை. மிளகும் மஞ்சளும் உள்ளியும் கொத்தமல்லியுமாகப் பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற சரக்கை அரைத்து, நல்லெண்ணெயில் குழைத்து, டொறதியின் எஞ்சின் எண்ணெயோடு சேர்த்து ஊற்றினார்கள். வருடக்கணக்காக அவளுக்கு இருந்த இருமல் அன்றோடு நின்றது. விட்கோமின் பழைய பஸ் சொந்தக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு ஒவ்வொருவராகச் சிப்ஸ் கடைக்கு வந்து, மீனோடு கொஞ்சம் அந்த மஞ்சள் விழுதும் கிடைக்குமா என்று வெட்கத்தோடு கேட்டு வாங்கிப் போனார்கள். குட்டிக்குப் புல்லு வெட்டுகிற மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெயை ஒரு தேநீர்க் கோப்பையால் பருக்கினார்கள். அது காலையில் நேசமலரின் பின்னால் கடைக்குப் போனது, கடை வாசலில் வெயில் காய்ந்தது, கடற்பறவைகளைத் துரத்தியது, பசித்தால் கீச்சுக் குரலில் ஹார்ன் அடித்தது, நாளுக்கு நாள் வளர்ந்து, உள்ளே பொம்மை அளவில் இருந்த இருக்கைகள் பூனை படுக்கும் அளவுக்கு வந்தன.

குலசிங்கத்தார் மட்டும் அதன் பக்கம் திரும்பவில்லை. "நான் அதைப் பாக்க மாட்டன். என்ர ஆயுசில ஒரு ஆசை. இந்த நேரம் பாத்தோ பிறக்கவேணும்?" என்று சுவரோடு பேசினார். ஆனாலும் ஒரு காலை, தன் கைலேஞ்சியை நாக்கில் நனைத்து அதன் முன்விளக்கில் இருந்த உப்பைத் துடைத்துக்கொண்டு நின்றதை நேசமலர் கண்டாள். கண்டும் காணாதது போல் போய்விட்டாள்.

தகப்பன் ஆர் என்ற கேள்விக்கு வருகிறேன். குட்டி தாயைப் போல் கிறீமும் மரூனும் இல்லை. ஆகாய நீலம். விட்கோமில் ஆகாய நீலத்தில் ஓடுகிற ஒரே பஸ் பிரிகேடியர். அது பழைய பஸ் சங்கத்தின் செயலாளர் திரு. பேர்கின்ஸுடையது. போன வருட விழாவில் பிரிகேடியர் டொறதிக்குப் பக்கத்தில் நின்றதை ஊரே பார்த்தது. பேர்கின்ஸ் தனி ஆள், வாழ்நாளில் ஒருவர் வீட்டுக்கும் போகாதவர், ஒருவரையும் தன் வீட்டுக்கு விடாதவர், நீலக் கோட்டின் பொத்தானைக் கடும் வெயிலிலும் கழற்றாதவர். நேசமலர் சிப்ஸ் பொட்டலத்தோடு அவர் கொட்டகைக்குப் போனாள். அவர் இங்கிலீசில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன், அவள் இங்கிலீசையும் அப்படியே.

"மிஸ்டர் பேர்கின்ஸ், பிள்ளைக்கு உங்கட ஆளின்ர நிறம்."

"அம்மையாரே, நீலம் இந்த நாட்டில் பரவலாக உள்ள நிறம்."

"மூக்கும் பரவலோ?"

பேர்கின்ஸ் பிரிகேடியரின் முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு சிப்ஸைப் பார்த்தார். "பிரிகேடியர் கைபிரேக் போடாமல் ஒருநாளும் நின்றதில்லை," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சிப்ஸை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டார்.

ஆடிப்பூரத்துக்கு முந்தின கிழமை, அம்பலவாணருக்கு ஒரு வழி தோன்றியது; அவர் தோன்றியதை எல்லாம் வழி என்று சொல்கிறவர். டொறதி வேண்டாம். பிரிகேடியரும் பழங்கால வாகனம்தான், அதற்கும் கூரை திறக்கும். பேர்கின்ஸைப் போய்க் கேட்டார்கள். தன் பஸ்ஸைத் தகப்பன் என்று எங்கேயும் எவரும் வாய்திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் இணங்கினார். குலசிங்கத்தார் ஓட்டலாம் என்றது சபை, ஆனால் தன் வீட்டில் பிள்ளை ஒன்றும் பிறக்கவில்லை என்று அவர் குருக்களுக்குச் சொல்லவேண்டும். அப்படியானால் குட்டி என்ன? பதிவுத் தகடு இல்லாத வாகனத்தை நசுக்கித் தகரமாக்க வேண்டிவரும் என்று நகரசபையும் இழுத்துக்கொண்டு நின்றது. அது டொறதியின் உதிரிப்பாகம் என்றார் அம்பலவாணர். உதிரிப்பாகத்துக்குத் தகடு வேண்டாம், துடக்கும் இல்லை, தகப்பனும் இல்லை. நகரசபைக்கும் சங்கத்துக்கும் சபைக்கும் அந்தச் சொல் நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரு பொய்யில் மூன்று பேர் இவ்வளவு ஒற்றுமையாக நின்றதை நாங்கள் முன்பின் கண்டதில்லை.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று நேசமலர் புருசனைக் கேட்டாள்.

"ஒரு நாள்தானே, நேசம். ஒரு சொல்லுத்தானே."

"சொல்லுங்கோ. ஆனா அதுக்குக் காது இருக்கு."

ஆடிப்பூரத்தன்று காலை குட்டியைக் கடைக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு, கதவுக்கு மீன் பெட்டிகள் அடுக்கினார்கள். பிரிகேடியர் வாழைமரமும் மாவிலைத் தோரணமுமாகக் கோயில் வாசலில் நின்றான். உள்ளே நடு இருக்கைகள் கழற்றிய இடத்தில் அம்மன், கூரைத் திறப்பால் சிவப்புக் குடை, பின்சீற்றில் நாதஸ்வரமும் தவிலும், பக்கத்து ஆசனத்தில் நீலக் கோட்டும் நெற்றி நிறைய விபூதியுமாகப் பேர்கின்ஸ். அந்த விபூதியை ஆர் பூசியது என்று இன்றுவரை தெரியாது. வாசலில் எங்கள் சனம் ஒரு பக்கம், வெள்ளைக்காரச் சனம் மடக்குக் கதிரையோடு மறுபக்கம், நடுவில் மஞ்சள் அங்கி போட்ட நகரசபை அலுவலர் ஒருவர். குலசிங்கத்தார் பட்டு வேட்டியும் சால்வையுமாக ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

குருக்கள் காப்புக் கட்டுகிற மஞ்சள் நூலோடு ஜன்னலுக்குக் கிட்ட வந்தார். குலசிங்கத்தார் வலக் கையை வெளியே நீட்டினார். முறைக்குக் கேட்கவேண்டிய கேள்வியைக் குருக்கள் கேட்டார்.

"வீட்டில துடக்கொண்டும் இல்லைத்தானே?"

குலசிங்கத்தார் வாயைத் திறந்தார். அந்த நேரம் கடற்கரைப் பக்கத்தில் இருந்து ஒரு ஹார்ன் கேட்டது. அதே கீச்சுக் குரல், தொண்டை கட்டியிருந்தது. சனம் விலகியது, தார்ப்பாய் ஒரு பக்கம் இழுபட, கூரையில் ஒரு மீன் பெட்டியோடு, ஒரு விளக்கு நசுங்கி, குட்டி வீதி முழுக்க வளைந்து வளைந்து வந்து, பிரிகேடியரின் மூக்குக்கு நேரே மூக்கை வைத்து நின்றது. எதிரும் புதிருமாகப் பார்த்தபோது அந்த இரண்டு மூக்கையும் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. வெள்ளைக்காரச் சனமே "ஓ" என்றது.

மஞ்சள் அங்கிக்காரர் முன்னால் வந்தார். "இது யாருடைய உதிரிப்பாகம்?"

அம்பலவாணர் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கெஞ்சினார். "குலம், இல்லையெண்டு சொல்லும். ஒரு சொல்லு. சொல்லிப்போட்டு எடும்."

குலசிங்கத்தார் அம்மனைத் திரும்பிப் பார்த்தார். முன்கண்ணாடிக்கு வெளியே கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. இத்தனை வருடமும் பஸ் ஓட்டி, கோழிகளை இறக்கி, துரு சுரண்டி, அவர் கேட்டது அந்த ஒரு கோட்டைத்தான். பிறகு குட்டியின் நசுங்கின விளக்கைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார்.

"பிறந்திருக்கு ஐயா," என்றார். "எங்கட வீட்டுப் பிள்ளை. எனக்குத் துடக்கு. நான் இண்டைக்குச் சாமியைக் காவிக்கொண்டு போக ஏலாது."

சொல்லிவிட்டுக் குட்டியின் முன்னால் முழங்காலில் இருந்து, பட்டுச் சால்வையால் அதன் விளக்கைத் துடைத்தார். அழுதார் என்றும் சொல்லவேண்டும், அழுதார்.

அம்பலவாணர் மறுபக்கத்துக்கு ஓடினார். "மிஸ்டர் பேர்கின்ஸ், அப்ப நீங்கள் ஓட்டுங்கள்." பேர்கின்ஸ் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். "என்னை மன்னிக்கவேண்டும்," என்றார், "போன வருடம் நான் கைபிரேக் போட மறந்துவிட்டேன்." இறங்கிப் போய்க் குலசிங்கத்தாருக்குப் பக்கத்தில் தானும் முழங்காலில் இருந்தார்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ஓட்ட இருந்தவருக்குத் துடக்கு, வண்டிக்காரருக்குத் துடக்கு, வண்டியே தகப்பன், வண்டிக்குள்ளே அம்மன். குட்டியைப் பார்க்கவென்று சனம் எல்லாம் நெருக்கித் தள்ளி, தொட்டு, தடவி, வயதுபோன ஒரு ஆங்கிலேயச் சோடி அதன் நசுங்கல் நோகாமல் ஊதிக்கொண்டும் நின்றது. தொடாத ஆள் வீதியில் இல்லை. அம்பலவாணர் தலையில் கையை வைத்தார். எல்லோரும் குருக்களைப் பார்த்தோம், அவருக்கு இந்தமுறை பார்க்க ஜன்னல் இல்லை.

சபேசக் குருக்கள் நூலை இடுப்பில் செருகினார், மூக்கைச் சொறிந்தார், நேசமலரைக் கேட்டார்: "பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஆக்கள் போனா என்ன முறை, தங்கச்சி?"

"பிள்ளையைப் பாத்திட்டு, போய்த் தலை முழுகிறது, ஐயா."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப அம்மாளாச்சி பிள்ளை பாக்க வந்திருக்கிறா," என்றார் குருக்கள். "பாத்திட்டா. இனி அவவுக்கு முழுக்கு. வீட்டுக் குழாய்த் தண்ணி சரிவராது." மஞ்சள் அங்கிக்காரரைத் திரும்பிப் பார்த்து நல்ல இங்கிலீசில் சொன்னார்: "ஐயா, சுகாதாரக் காரணங்களுக்காக நாங்கள் உடனடியாகக் கடலுக்குப் போகவேண்டி இருக்கிறது."

சுகாதாரம் என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். அவர் உடனே விலகி, கையைக் காட்டி வீதியை மறித்துக் கொடுத்தார்.

"ஆர் ஓட்டுறது?" என்றார் அம்பலவாணர், கடைசி மூச்சாக.

"முழுகப் போற ஆளை ஆர் கூட்டிக்கொண்டு போனா என்ன?" என்றார் குருக்கள். "குலம், ஏறும்."

அப்படித்தான் அம்மன் கடற்கரை வீதியால் போனாள், தவில் முழங்க, குடை கூரையால் நிமிர்ந்து நிற்க, கற்பூரமும் மீன் பொரியலும் ஒன்றாக மணக்க. பின்னால் நேசமலர், அவள் பின்னால் பெண்கள், அவர்கள் பின்னால் பொத்தான் முழுக்கக் கழற்றிய பேர்கின்ஸ், பின்னால் மடக்குக் கதிரைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரச் சனம், படகு இறக்குகிற சரிவால் இறங்கி, ஆடி மாதத்திலும் எலும்பைக் கடிக்கிற அந்தத் தண்ணீருக்குள் பிரிகேடியரின் முன்சக்கரம் நனைய நனைய. அம்பலவாணர் இடுப்பளவு தண்ணீரில் நின்று முதல் ஆளாக அரோகரா சொன்னார், குளிருக்கா பக்திக்கா என்று தெரியாது. கார் தரிப்பிடம் தவிர வேறொன்றும் கண்டிராத எங்கள் அம்மனுக்கு முன்னால் கடல் முழுவதும் விரிந்து கிடந்தது.

குலசிங்கத்தாரிடம் பிறகு நாங்கள் ஒவ்வொருவராகக் கேட்டோம், எப்படி இருந்தது, அம்மாளாச்சியின் முகம் கடலைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயில் வாசலில் இருந்து தண்ணீர்வரை அவர் அம்மனையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில், ஒற்றை விளக்கோடு பின்னால் ஓடிவந்த குட்டி, தெரியாத்தனமாக ஆழத்துக்குள் இறங்கிவிடுமோ என்று அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாராம்.

அதற்காக அம்மன் கோவித்ததாகத் தெரியவில்லை. பின்சீற்றில் இருந்த தவில்காரர் சத்தியம் செய்கிறார், முன்னுக்குப் பார்த்தபடி வைத்த அம்மன், வழி முழுக்க, கழுத்தைத் திருப்பி அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தாளாம்.